வெள்ளைச் சேலை கட்டிய வள்ளி

உச்சச் சுருதியில் பாடுவார் எஸ். ஜி. கிட்டப்பா. அவருக்கு ஈடுகொடுத்துப் பாட நாடக மேடையில் ஒரே ஒரு பெண்தான் இருந்தார். அவர்தான் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

சுந்தராம்பாள் 1908-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். வறுமை வாட்டியது. ரயிலில் பாடிப் பிழைத்த அந்தச் சிறுமியை நாடகக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. கிடைத்த முதல் வேடம் என்ன தெரியுமா? நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளை! அந்தப் பசியை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கொழும்பில் சந்திப்பு

1926-ல் கொழும்பில் இருவரும் ஜோடியாக நடித்தார்கள். கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசை வரை இருவர் குரலும் கணீரென்று கேட்டது. மேடைக் காதல் உண்மைக் காதலாயிற்று. 1927-ல் மணந்து கொண்டார்கள்.

கிட்டப்பா ஏற்கனவே மணமானவர். அதனால் குடும்பத்தில் புயல் வீசியது. சுந்தராம்பாள் கருவுற்றிருந்தபோது கணவர் அருகில் இல்லை. கொடுமுடியில் இருந்தபடி கடிதம் கடிதமாக எழுதினார். கோபமும் கெஞ்சலும் கலந்த அந்தக் கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. பிறந்த குழந்தையும் சில நாளில் இறந்தது.

குடிப்பழக்கம் கிட்டப்பாவின் உடலைக் கெடுத்தது. 1933 டிசம்பர் 2-ந் தேதி அவர் காலமானார். வயது 27 தான்.

வீட்டுச் சிறை

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. நகைகளைக் கழற்றினார். வெள்ளைச் சேலை உடுத்தினார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்தார்.

காதல் நாடகமே மேடையை ஆண்ட காலத்தில், ஒரு நடிகைக்கு இது பிழைப்பையே பறிக்கும் சபதம். சுந்தராம்பாள் வேறு வழி கண்டார். நந்தனாராக ஆண் வேடம் பூண்டார்! அதையே சினிமாவாக எடுக்க வந்தார்கள். மறுத்து அனுப்பும் எண்ணத்தில் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். அதையும் கொடுத்தார்கள். 1935-ல் "பக்த நந்தனார்" வெளிவந்தது.

பிறகு, துறவு பூண்ட மணிமேகலை ஆனார். 1953-ல் அவ்வையார், 1964-ல் "பூம்புகார்" படத்தில் கவுந்தி அடிகள். ஒன்றில்கூடக் காதலனுடன் சேர்ந்து வாழும் பெண் வேடம் இல்லை.

1980-ல் சுந்தராம்பாள் காலமானார். அதுவரை அவர் வண்ணச் சேலை உடுத்தவே இல்லை.