அகுரா மஸ்தாவின் அடியவர் தாதாபாய் நௌரோஜி

உலகைப் படைத்த நல்லிறைவனைப் பார்சி மக்கள் அகுரா மஸ்தா என்று அழைக்கிறார்கள். அறிவின் ஆண்டவர் என்பது அப்பெயரின் பொருள். நன்மைக்கும் தீமைக்கும் ஓயாத போர் நடக்கிறது. மனிதர் ஒவ்வொருவரும் தம் பக்கத்தைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் என்னும் மூன்றாலும் இறைவனுக்குத் துணை நிற்கவேண்டும். பாரசீகத்தில் ஜரதுஷ்டிரர் போதித்த நெறி இதுவே. பாலன் இயேசுவை வணங்க வந்த கீழ்த்திசை ஞானிகளுக்கு நற்செய்தியின் கிரேக்க மூலம் சூட்டும் பெயரும், ஆதியில் பாரசீகக் குருக்களுக்கு வழங்கியதே.

இந்நெறியை வாழ்ந்து காட்டியவர் தாதாபாய் நௌரோஜி. 1825-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பார்சிக் குருமார் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். எழுத்தறியாத தாய் மாணிக்பாய் மறுமணத்தை நாடாமல் மகனை வளர்த்தார். பம்பாயில் கட்டணமின்றிப் படித்த தாதாபாய், பொதுமக்கள் பணத்தில் பெற்ற கல்விக்குத் தாம் கடன்பட்டவர் என்று கருதினார். முப்பது வயது நிறையுமுன் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கு அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

அக்கடனை அவர் அடைத்த விதம் நமக்கு நெருக்கமானது. 1849-இல் நண்பர்களோடு பம்பாயில் பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தார். வீடுவீடாகச் சென்று பெற்றோரை வேண்டினார். சிலர் மகிழ்ந்தனர், சிலர் படியிலிருந்து தள்ளிவிடுவதாக மிரட்டினர். அவர் தளரவில்லை, ஊதியமின்றியே பாடம் நடத்தினார்கள் அந்த இளைஞர்கள். 1851-இல் பார்சிச் சமயத்தில் புகுந்த மூடப்பழக்கங்களை நீக்க ஒரு சபையை நிறுவினர். உண்மை பேசுவோன் என்னும் பொருள்படும் ராஸ்த் கோப்தார் இதழையும் அவ்வாண்டே தொடங்கினார்.

1855-இல் வணிகத்துக்காக இலண்டன் சென்றார். தாம் பங்குதாரராயிருந்த நிறுவனம் அபினியிலும் மதுவிலும் ஈட்டிய இலாபம் அவர் மனத்தை உறுத்தியது. பெரும் வருவாயை உதறி விலகினார். பின்பு, கொங்கு மக்கள் நன்கறிந்த பருத்தி வாணிபத்தைச் சொந்தமாகச் செய்தார்.

1892-இல் விரல்விட்டு எண்ணத்தக்க வாக்கு வேறுபாட்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவெஸ்தா மறைநூலைக் கொண்டு உறுதிமொழி எடுத்தார். இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு வடிந்தோடுவதைப் புள்ளிவிவரங்களோடு நிறுவி, 1901-இல் நூலாக வெளியிட்டார். மும்முறை காங்கிரஸ் தலைவராக விளங்கி, 1917 ஜூன் 30-இல் மறைந்தார்.

தோழியரே! புத்தகப்பையுடன் இன்று நாம் தடையின்றிப் பள்ளிக்கு வருகிறோம். படியிலிருந்து தள்ளப்படவும் துணிந்து கதவைத் தட்டியவர்கள் ஒருகாலத்தில் இருந்தார்கள். இலவசமாகப் பெற்றதைக் கடனாக எண்ணிய அவரைப்போல், நாமும் படிக்க இயலாத ஒரு சிறுமிக்கேனும் எழுத்தறிவிப்போமாக!