மஞ்சள் கடுதாசி கொடுக்காத மனிதர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஒரு மனை வாங்கி வீடு கட்டிவிட வேண்டும் என்பது எத்தனையோ குடும்பங்களின் ஆசை. கடன் வாங்காமல் அது நடப்பதில்லை. கடன் முற்றினால் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடு என்று யோசனை சொல்லவும் ஆள் உண்டு. ஆனால் 1920-ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம் கண்டிப்பானது. கோர்ட்டு ஒருவரை இன்சால்வெண்ட் என்று தீர்த்த பிறகு, அதிலிருந்து விடுபடும்வரை அவர் புதிதாக வாங்கும் வீடும் கடன் கொடுத்தவர்களுக்கே போய்ச் சேரும்.

அந்தச் சட்டம் வருவதற்கு 70 வருடங்களுக்கு முன்பே கல்கத்தாவில் கடனில் மூழ்கி எழுந்த ஒருவரின் கதை இது. அவர் தேவேந்திரநாத் தாகூர். மகாகவி ரவீந்திரநாதரின் தகப்பனார்.

தேவேந்திரநாதரின் தந்தை துவாரகநாதர் பெரிய வியாபாரி. ராஜாவைப் போல வாழ்ந்தவர். 1846-ல் லண்டனில் காலமானார். அடுத்த ஒன்றரை வருடத்தில் யூனியன் பாங்கு முறிந்தது. 1848 தொடக்கத்தில், அவர் நிறுவிய கார் தாகூர் கம்பெனியும் கதவை மூடியது. கொடுக்க வேண்டியது சுமார் ஒரு கோடி ரூபாய். வரவேண்டியதோ 70 லட்சம்தான். அதில் எவ்வளவு வசூலாகும் என்பது வேறு விஷயம்!

தேவேந்திரநாதருக்கு அப்போது வயது 30. தப்பிக்க ஒரு வழி இருந்தது. இப்படி ஒரு நாள் வரலாம் என்று எண்ணித்தானோ என்னவோ, துவாரகநாதர் முக்கியமான ஜமீன்களை டிரஸ்டு சொத்தாக எழுதி வைத்திருந்தார். கடன் கொடுத்தவர்கள் அவற்றைத் தொட முடியாது. சட்டம் பிள்ளைகள் பக்கம் இருந்தது.

கடன் கொடுத்தவர்கள் கூடிய கூட்டத்தில், டிரஸ்டு சொத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று தேவேந்திரநாதர் ஒப்புக்கொடுத்தார். வசூலுக்கென்று வந்தவர்களில் சிலர் கண் கலங்கினார்கள். சொத்துக்களை அவர்கள் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டு, குடும்பச் செலவுக்கு வருடம் 25,000 ரூபாய் ஒதுக்கினார்கள். பின்னர் நிர்வாகத்தையே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்படி ஒரு நம்பிக்கையைப் பணம் கொடுத்து வாங்க முடியுமா?

ஜோராசாங்கோ வீட்டில் ஆடம்பரம் நின்றது. வேலைக்காரர்கள் குறைந்தார்கள். வண்டியும் குதிரைகளும் ஏலத்துக்குப் போயின. சாப்பாடும் துணிமணியும் எளிமையாயின. தந்தை விருந்துகள் நடத்திய பெல்காச்சியா தோட்ட மாளிகையும் கைமாறியது. தர்ம காரியத்துக்கென்று தந்தை வாயால் சொல்லிவிட்டுப் போன ஒரு லட்சத்தைக்கூட மகன் வட்டியோடு கட்டினார். கடன்களெல்லாம் அடைய வருடக்கணக்கில் ஆயிற்று.

1863-ல் போல்பூர் அருகே ஒரு பொட்டல் வெளியில் 20 பிகா நிலத்தை அவர் நிரந்தரக் குத்தகைக்கு எடுத்தார். குத்தகை வருடத்துக்கு 5 ரூபாய்! தியானத்துக்காக அங்கே ஒரு வீடு கட்டி, சாந்திநிகேதன் என்று பெயர் வைத்தார். கோடிக் கணக்கைப் பார்த்தவருக்கு அந்த ஐந்து ரூபாய் இடம் போதுமானதாக இருந்தது.

1873-ல் 11 வயது ரவீந்திரனை அங்கே அழைத்துப் போனார். பையன் கையில் சில்லறையைக் கொடுத்து, கணக்கு எழுதச் சொன்னார். கணக்கு சரியாகவே வராது. ஒரு நாள் இருக்க வேண்டியதைவிட அதிகமாகவே காசு இருந்ததாம். உன் கையில் பணம் வளர்கிறது, உன்னைத்தான் காசாளராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தகப்பனார் வேடிக்கை செய்தார்.