நாவலர் தெரிந்தெடுத்த தொழில்

கல்லூரியிற் பயிலும் மாணாக்கர் ஒவ்வொருவர் உள்ளத்தையும் அலைக்கும் வினா ஒன்று உண்டு. கற்று முடிந்தபின் மேற்கொள்ளத்தக்க தொழில் யாது என்பதே அது. பெற்றோர் ஒன்றை விரும்புவர். சுற்றத்தார் வேறொன்றைக் கூறுவர். தன் மனமோ பிறிதொன்றை நாடும். ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வினாவை எதிர்கொண்டு, தம் வாழ்வினாலேயே விடை கூறியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் ஆவார்.

நாவலர் 1822ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் நல்லூரிற் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். இளமையிலேயே தந்தையாரை இழந்த அவர், சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராய முதலியாரிடத்தும் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலக் கல்வியின் பொருட்டு யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்தார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதன் வழிவந்ததே.

அக்காலத்தில் ஆங்கிலங் கற்ற இளைஞருக்குக் கச்சேரி உத்தியோகம் எட்டாத கனியன்று. ஆறுமுகனாருக்கோ கற்ற பாடசாலையிலேயே ஆசிரியப் பதவி கிடைத்தது. 1841ஆம் ஆண்டில், இருபது வயது நிரம்புமுன்னரே, அவர் அங்குக் கற்பிக்கத் தொடங்கினார். பாடசாலைத் தலைவராகிய பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிலும் துணைநின்றார். பாதிரியார் அவர் புலமையைப் பெரிதும் மதித்தார். மதிப்பும் மாத ஊதியமும் ஒருங்கே வாய்த்த நிலை அது.

எனினும், தம் சமயத்தையும் தமிழையும் முறையாகக் கற்பிக்கும் பாடசாலைகள் இல்லாமை அவர் உள்ளத்தை வருத்தியது. அதற்காக அவர் அன்றே பதவியைத் துறந்தாரல்லர். காலையிலும் மாலையிலும் ஓய்வு கிடைத்தபோது, மாணாக்கர் சிலரைத் தம் இல்லத்தில் இருத்தி, ஊதியம் பெறாது கற்பித்தார். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் தேதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். கற்பித்தலும் எடுத்துரைத்தலும் தமக்கு இயைந்த தொழில்களே என்பதை இவ்வாறு தேர்ந்து தெளிந்த பின்னரே 1848ஆம் ஆண்டில் வேலையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. கையிற் பொருள் இல்லை. வீடுதோறும் பெற்ற பிடியரிசியும் அதற்கு ஆதரவாயிற்று. பாடசாலைக்குப் புத்தகங்கள் வேண்டும். புத்தகங்களுக்கு அச்சியந்திரம் வேண்டும். 1849ஆம் ஆண்டில் தமிழகஞ் சென்று, திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் பெற்று, அச்சியந்திரத்தோடு மீண்டார். ஆசிரியர், பதிப்பாசிரியர், உரைநடை எழுத்தாளர், பிரசங்கியார் எனப் பல தொழில்களை ஒருவரே தாங்கினார். இல்லறம் புகாது, 1879ஆம் ஆண்டிற் சிவபதம் எய்தும்வரை அவ்வழியினின்றும் அவர் பிறழ்ந்திலர்.

நம் மன்னார்க் கரையும் அவருக்குக் கடப்பாடு உடையது. மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம், சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்றும், போர்த்துக்கேயர் காலத்தில் அழிவுற்றுக் காடு மூடிக் கிடந்தது. பாலாவிக் கரையில் அக்கோயிலை மீண்டும் எழுப்புமாறு 1872ஆம் ஆண்டில் நாவலர் சைவ மக்களை வேண்டினார். அவர் வாழ்நாளில் அது கைகூடவில்லை. அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1893ஆம் ஆண்டில், அந்நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. 1903ஆம் ஆண்டில் ஆங்கு மீண்டும் வழிபாடு நிலைபெற்றது. 1976ஆம் ஆண்டிற் பெருங் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. ஊதியத்தை மாத்திரம் கருதிய தொழில் ஓய்வுபெறும் நாளோடு முடியும். நாவலர் மேற்கொண்ட தொழிலோ அவருக்குப் பின்னும் பிறர் கைகளால் நடைபெற்றது.

மாணாக்கர்காள்! எல்லாரும் உத்தியோகத்தைத் துறத்தல் வேண்டுமென்பது இவ்வரலாற்றின் கருத்தன்று. பெற்றோரைத் தாங்கும் கடன் உடையார் ஊதியம் தேடுதல் அறமேயாகும். ஆயினும், மனம் நாடும் தொழிலை ஓய்வு நேரத்திற் சிறிதாகச் செய்துபார்த்து, அதன் இடர்களையும் அறிந்து, பின்னர்த் துணிதல் எவர்க்கும் இயலும். பழைய மாணவர்களும் தத்தம் தொழிலின் நலந்தீங்குகளை இளையோருக்கு ஒளியாது எடுத்துரைப்பாராயின், கல்லூரிக்கு அவர்கள் ஆற்றும் கைம்மாறு பிறிதொன்று வேண்டுவதில்லை.