லொரேன் ஹான்ஸ்பெரி அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நாடக மேடையில் அழியாப் புகழ் நிறுவிய லொரேன் ஹான்ஸ்பெரி அம்மையார் 1930ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் சிகாகோ நகரிற் பிறந்தார். தந்தையார் கார்ல் ஹான்ஸ்பெரி வீடுகளை வாங்கி வாடகைக்கு விடும் தொழிலிற் பொருள் ஈட்டியவர். பொருள் இருந்தும், விரும்பிய தெருவிற் குடியிருக்கும் உரிமை அவருக்கு இல்லை. கறுப்பு இனத்தார்க்கு வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதுமில்லை என்று வெள்ளையர் தம்முள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு நகரைப் பிரித்து வைத்திருந்த காலம் அது.

1937ஆம் ஆண்டு கார்ல் அத்தகைய பகுதியொன்றில் துணிந்து வீடு வாங்கிக் குடிபுகுந்தார். வீட்டின்முன் பகைவர் கூட்டம் திரண்டது. எறியப்பட்ட கல்லொன்று சிறுமி லொரேனின் தலையருகே பாய்ந்தது. தந்தையார் வழக்கின்பொருட்டு வெளியூர் சென்ற இரவுகளில் தாயார் கைத்துப்பாக்கியுடன் விழித்திருந்து மக்கள் நால்வரையும் காத்தார். மாநில நீதிமன்றத்திற் பெற்ற தோல்வியை உச்ச நீதிமன்றம் 1940இல் மாற்றியது. ஆயினும், முந்தைய வழக்கொன்றின் முடிவு இக்குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது என்னும் அளவிலேயே அவ்வெற்றி நின்றது. இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்ற தீர்ப்பு 1948இல்தான் பிறந்தது. அதனைக் காணக் கார்ல் உயிரோடில்லை. மனங்கசந்து மெக்சிகோ நாட்டிற் குடியேற எண்ணிய அவர் 1946இல் ஆங்கே காலமானார்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில் லொரேன், அயர்லாந்து நாடகாசிரியர் ஷான் ஓகேசியின் நாடகமொன்றைக் கண்டு உள்ளம் உருகினார். டப்ளின் நகரத்து ஏழைக் குடும்பத்தை அவ்வாசிரியர் காட்டியவாறே, தம் மக்களையும் உள்ளபடி மேடையேற்ற வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. 1950இல் நியூயார்க் நகர் சென்று, சில ஆண்டுகள் பத்திரிகைத் தொழில் புரிந்தார்.

‘ஏ ரெய்சின் இன் த சன்’ என்னும் அவர் நாடகம் 1959ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிராட்வேயில் அரங்கேறியது. நெருக்கமான வாடகைக் குடியிருப்பில் வாழும் யங்கர் குடும்பத்துக்கு, இறந்த தந்தையின் ஆயுள் காப்பீட்டுத் தொகை 10,000 டாலர் வருகிறது. தாய் அதிலொரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறாள். மகன் வால்ட்டர் எஞ்சிய தொகையை வஞ்சகன் ஒருவனிடம் இழக்கிறான். குடிவராதிருந்தாற் பணம் தருவதாக அப்பகுதியார் ஆளனுப்புகின்றனர். இசைய முனைந்த வால்ட்டர், தன் சிறு மகன் அருகே நிற்க, உழைத்தே மாய்ந்த தந்தையை நினைந்து மறுத்துவிடுகிறான். குடும்பம் புதுவீட்டுக்குப் புறப்படுகையில் திரை விழுகிறது. கண்டோர் பலர் அதனை இன்ப முடிவெனக் கொண்டனர். அவ்வீட்டில் அவர்களுக்குக் காத்திருப்பது யாதென்பதை ஆசிரியை தம் 7ஆம் வயதிலேயே அறிந்திருந்தார்.

நாடகம் 530 முறை நடைபெற்றது. நியூயார்க் நாடக விமர்சகர் குழுவின் பரிசைப் பெற்ற முதற் கறுப்பின நாடகாசிரியர் இவரே. அடுத்த நாடகம் நடந்துகொண்டிருக்கையில், புற்றுநோயால் 1965ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் தமது 34ஆம் வயதில் மறைந்தார். தந்தையார் கசப்போடு விட்டுச்சென்ற போராட்டத்தை மகளார் மேடையில் நிலைநிறுத்தினார். நீதிமன்றத் தீர்ப்பினும் அந்நாடகத்தை அறிந்தோரே இன்று மிகப் பலர்.