வாப்பாவின் விரல்களும் நெப்போலியனின் வைத்தியரும்

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளமேறி கற்பிட்டியில் வந்திறங்கியவர்களில் என் உம்மாவும் வாப்பாவும் அடக்கம். வீட்டையும் வலைகளையும் விட்டுவந்த வாப்பாவுக்கு இங்கே கிடைத்தது ஐஸ் வேலை. விடியுமுன் ஐஸ் கட்டிகளை உடைத்து, மீன் பெட்டிகளுக்குள் வெறுங்கையால் அள்ளிப்போடுவார். விறைத்த விரல்களோடு வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் குந்தி, கையை நெருப்பில் காட்டுவார். ஒருநாள் இரண்டு விரல்கள் கொப்பளித்துவிட்டன. சுட்டது அவருக்குத் தெரியவேயில்லை.

அது ஏன் என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு பிரெஞ்சு இராணுவ வைத்தியரின் வாழ்க்கையை வாசிக்கும்போதுதான் விளங்கிக்கொண்டேன். அவர் பெயர் டொமினிக் லாரே.

1766இல் பிரனீஸ் மலையடிவாரக் கிராமமொன்றில் பிறந்தவர் லாரே. சிறுவயதில் தந்தையை இழந்து, துலூஸ் நகரில் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்த சிறிய தந்தையிடம் வளர்ந்து தொழில் கற்றார். 1792இல் இராணுவத்தில் சேர்ந்தபோது, சண்டை ஓயும்வரை காயப்பட்டவர்கள் களத்திலேயே கிடப்பதுதான் வழமை. லாரே இலகுவான குதிரை வண்டிகளைச் சண்டை நடக்கும்போதே உள்ளே அனுப்பினார். பதவியோ நாடோ பார்க்காமல், காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சையளித்தார். வைத்தியம் தாமதிப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1807 பெப்ரவரியில் ஐலாவ் களத்தில் கடும் பனி. அந்தக் குளிரில் அவயவம் அகற்றப்பட்டவர்கள் வலியைக் குறைவாகவே உணர்ந்ததை லாரே கவனித்தார். குளிர் தணிந்த பிறகுதான் இன்னொன்று தெரியவந்தது. விறைத்த கால்களை நெருப்பில் காட்டிய வீரர்களின் சதை கறுத்து அழுகத் தொடங்கியது. குளிர் உணர்ச்சியைக் கொன்றுவிடுகிறது. உணர்ச்சியில்லாத சதைக்கு நெருப்பு சுடுவது தெரியாது. வாப்பாவுக்கு நடந்ததும் அதுதான்.

1812இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய படையோடு லாரேயும் நடந்தார். பெரசீனா ஆற்றுப் பாலத்தில் ஆயிரக்கணக்கானோர் நெரிபட்டபோது, வீரர்கள் அவரை அடையாளம் கண்டு கைமாற்றிக் கைமாற்றி அக்கரை சேர்த்தார்கள். 1842இல் லியோனில் காலமானார்.

ஆனால் அவர் ஒன்றில் தவறினார். உறைந்த இடத்தைப் பனியால் தேய்க்கச் சொன்னார். நெருப்பு ஆகாதென்றது சரி. தேய்ப்பது சதையை மேலும் சிதைக்கும். அவருடைய பெயரின் பாரத்தால் அந்தப் பிழை நூறு வருடங்களுக்கு மேல் வைத்திய முறையாகவே நீடித்தது.

கற்பிட்டியில் பனி பெய்வதில்லை. ஆனால் ஐஸோடு உப்புச் சேர்ந்தால் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை வரை இறங்கும். ஐஸ் கட்டி உறையவைக்கும் தொட்டியில் ஓடுவதும் உப்புத் தண்ணீர்தான். குளிரறையின் இரும்பில் ஈரக்கை ஒட்டிக்கொள்ளும். உலர் ஐஸின் குளிரோ பூச்சியத்துக்குக் கீழே 78 பாகை. வெறுங்கையால் சில வினாடிகள் பிடித்தாலே தோல் உறையும்.

உள்ளே கம்பளி, வெளியே தண்ணீர் புகாத றப்பர் என இரட்டைக் கையுறை வேண்டும். நனைந்தால் மாற்ற இன்னொரு சோடி வேண்டும். ஐஸ் அள்ளச் சவள் வேண்டும். ஆள்மாற்றி ஓய்வெடுக்க வேண்டும். விரல் விறைத்தால் வேலையை நிறுத்தி, ஈரத்தைத் துடைத்து, கையைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். தோல் மெழுகுபோல் வெளுத்துக் கெட்டியாகிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 37 முதல் 39 பாகை வரையான இளஞ்சூட்டு நீரில் வைப்பதே இன்றைய முறை.

வாப்பா கடைசிவரை சாறனுக்குப் பொத்தான் பூட்டிய சட்டை போட்டதில்லை; பொத்தானைப் பிடிக்க விரல் நுனிக்கு உணர்ச்சியில்லை. அவருக்கு ஒரு சோடி கையுறை வாங்கிக் கொடுக்க அன்று எந்த முதலாளிக்கும் தோன்றவில்லை. கேட்கலாம் என்று எங்களுக்கும் தெரியவில்லை. இன்று விடியுமுன் ஐஸ் அள்ளப் போகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.