கதவைத் திறந்த கமலா

முதுகலைக் கல்விக்கு விண்ணப்பிப்பவரிடம் பட்டமும் நல்ல தேர்ச்சியும் கேட்பது வழக்கம். இவை இரண்டும் இருந்தும், பெண் என்பதால் ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவரே பின்னாளில் உணவுச் சத்துகளை ஆராய்ந்து புகழ்பெற்ற டாக்டர் கமலா சொஹோனி.

கமலா 1911ஆம் ஆண்டு இந்தியாவின் இந்தூர் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை வேதியியல் கற்றவர். தந்தையைப் போலவே பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பயில வேண்டும் என்று கமலா விரும்பினார். 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகத் தேர்ச்சி பெற்று, அக்கழகத்திற்கு விண்ணப்பித்தார். அதன் இயக்குநராக இருந்தவர் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன். பெண் என்ற காரணத்தால் அவர் கமலாவுக்கு இடமளிக்க மறுத்தார்.

கமலா சோர்ந்துவிடவில்லை. நேரில் சென்று நியாயம் கேட்டார். அவருடைய உறுதியைக் கண்ட இராமன், நிபந்தனைகளுடன் இணங்கினார். முதல் ஓராண்டு சோதனைக் காலம். ஆய்வின் தரம் மனநிறைவு அளித்தால்தான் அது ஏற்கப்படும். ஆண் ஆய்வாளர்களின் கவனத்தை அவர் சிதறடிக்கக் கூடாது. இந்த நிபந்தனைகள் கமலாவின் மனத்தைப் புண்படுத்தின. எனினும், கல்வியை இழக்க விரும்பாமல் அவற்றை ஏற்றுக்கொண்டார்.

பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களைக் கமலா அயராது ஆராய்ந்தார். ஓராண்டுக்குப் பின் இராமனே அவரது திறமையை ஒப்புக்கொண்டார். அதன்பின் பிற பெண்களுக்கும் அக்கழகத்தின் கதவு திறந்தது.

1936இல் முதுகலைப் பட்டம் பெற்ற கமலா, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். உயிரணுக்களின் சுவாசத்திற்கு உதவும் 'சைட்டோகுரோம் சி' என்னும் புரதம் தாவரங்களிலும் இருப்பதைக் கண்டறிந்தார். 1939இல் முனைவர் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பிய அவர், தமிழ்நாட்டின் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். பின்னர் பம்பாயில் பேராசிரியராகி, ஏழை மக்கள் உண்ணும் எளிய உணவுகளை மாணவர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தார். பனை வகை மரங்களிலிருந்து இறக்கப்படும் பதநீரில் சத்துகள் இருப்பதையும், சத்துக் குறைவால் வாடும் இளையோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது உதவும் என்பதையும் எடுத்துக்காட்டினார். இப்பணிக்காக இந்தியக் குடியரசுத் தலைவரின் விருதைப் பெற்றார். 1998இல் காலமானார்.

இன்று ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெண்களும் ஆய்வு மாணவர்களாகப் பயில்கின்றனர். இன்று இயல்பாகத் தோன்றும் இந்த வாய்ப்புக்காகக் கமலா போன்றோர் அன்று போராட வேண்டியிருந்தது.