நோவோடு வாழ்ந்த பிராய்டு

உடலெடுத்தோர் அனைவர்க்கும் நோய் உண்டு. ஆயினும், தீராத நோயோடும் ஓயாத நோவோடும் ஒருவர் தம் நாள்களை நடத்திச் செல்வது எவ்வாறு? இதனை அறிய விரும்பும் நாம், மனத்தின் இயல்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் பிராய்டின் வாழ்வை, சிறப்பாக அதன் இறுதிப் பதினாறு ஆண்டுகளை, இங்கு நோக்குவோமாக.

1856ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் மொரேவியாவில் பிரைபர்க் என்னும் ஊரில் பிறந்த இவர், வியன்னா நகரில் வளர்ந்து வைத்தியரானார். இளமையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை நாம் மறத்தலாகாது. பிளைஷல் என்னும் நண்பர், கட்டைவிரல் துண்டிக்கப்பட்ட இடத்தில் தீராத நோவுற்று, அபினிலிருந்து எடுக்கப்படும் மார்பினுக்கு அடிமையாகியிருந்தார். அவரை மீட்கக் கருதிய பிராய்டு, 1884இல் கொக்கெயினைக் கொடுத்தார். நண்பரோ அதற்கும் அடிமையாகி, 1891இல் மாண்டார். நோவை நீக்க வந்த பொருளே மனிதனை விழுங்குவதை இவர் அருகிருந்து கண்டார்.

இவர் நாளொன்றுக்கு இருபது சுருட்டு புகைப்பவர். 1923இல் வாயின் வலப்புறத்தில் புற்று தோன்றியது. வைத்தியர்கள் முதலில் உண்மையை மறைத்தனர். பின்னர் அதனை அறிந்தபோது இவர் மிகவும் சினந்தார். அவ்வாண்டின் இறுதியில் பிக்லர் என்னும் மருத்துவர், மேல்தாடையிலும் அண்ணத்திலும் பெரும்பகுதியை அறுத்து நீக்கினார். வாய்க்கும் மூக்குக்கும் இடையே தடுப்பில்லாமற் போகவே, செயற்கை அண்ணம் ஒன்று பொருத்தப்பட்டது. அது இறுக்கமாக இருந்தால் புண்படுத்தும். தளர்ந்தால் பேச்சும் உணவும் தடைப்படும். பதினாறு ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட முறை கத்தி பட்டது அவ்வாய்.

இத்தனைக்கும் இவர் கைக்கொண்டவை எளியவை. சிந்தனையை மங்கச் செய்யும் மருந்துகளை ஒதுக்கினார். ஆஸ்பிரினும் வெந்நீர்ப் பையும் பெரும்பாலும் போதுமென்றார். வலச்செவி கேளாமற் போனபோது, நோயாளியின் கட்டிலையும் தம் இருக்கையையும் இடம் மாற்றி, இடச்செவியால் கேட்டுத் தொழிலைத் தொடர்ந்தார். மகள் அன்னாவே பணிவிடை செய்தார். இரக்கத்தை வெளிக்காட்டலாகாது என்பது இருவர்க்கும் உடன்பாடு. பின்னாளில் வந்த ஷூர் என்னும் வைத்தியரிடம், எந்நாளும் உண்மையே கூறவேண்டும், இறுதியில் வீணே வருந்தவிடலாகாது என்று வாக்குப் பெற்றார். இந்நோவின் நடுவேதான் பல நூல்களை எழுதினார்.

குறையையும் நாம் மறைத்தல் முறையன்று. நோய்க்கு ஏதுவென்று வைத்தியர் தடுத்த சுருட்டை இவர் விட்டும் விட்டும் மீண்டும் பற்றினார். மனத்தை ஆராய்ந்த பேரறிஞரையும் பழக்கம் வென்றது.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை வியன்னாவிற்குள் புகுந்தது. யூதராகிய இவர் ஜூன் 4ஆம் நாள் ஊரைவிட்டு நீங்கி இலண்டன் அடைந்தார். மறு ஆண்டில் புற்று கத்திக்கு எட்டாத நிலையுற்றது. அழுகிய புண்ணின் நாற்றம் தாளாமல், அன்போடு வளர்த்த நாயும் அருகே வரவில்லை. ஈக்களைத் தடுக்கக் கட்டிலின்மேல் வலை கட்டினர். அந்நிலையிலும் நூல் படித்தார். செப்டம்பர் 21ஆம் நாள், பழைய வாக்கை வைத்தியருக்கு நினைவூட்டினார். அதன்பின் மார்பின் அளிக்கப்பட்டது. 1939 செப்டம்பர் 23ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் உயிர் நீத்தார்.

இவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? மருந்தை மறுப்பதே வீரம் என்று எவரும் மயங்கற்க. தெளிந்த சிந்தை வேண்டுமாயின் நோவைப் பொறுத்தல் வேண்டும் என்று இவர் கருதினார். பின்னர் 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு முறை வகுத்தது: வலி முற்றும்வரை காத்திராமல், குறித்த நேரந்தோறும், இயன்றவரை வாய்வழியாக, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக மருந்து கொடுத்தல் வேண்டும். வைத்தியர் அளவறிந்து கொடுப்பின் மார்பினும் பலர்க்குத் தெளிவோடு கூடிய ஆறுதல் தரும். பிளைஷலின் கதையை எண்ணி அஞ்சி, நம் வீட்டு நோயாளியை இரவெல்லாம் துடிக்கவிடுதல் அறமாகாது.

உண்மையை அறிதல், நோவை மறையாது உரைத்தல், நம்பத்தக்க ஒருவரை அருகே கொள்ளுதல், இயன்ற தொழிலை விடாதிருத்தல் ஆகிய நான்கையும் பிராய்டிடம் கற்போம். அவருக்கு அன்று கிட்டாத மருத்துவ முறையை, நோவுற்றோர் தயங்காது கேட்டுப் பெறுவாராக.